ஒரு வோல்ட் எங்கே போனது

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்துப் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழெழுத்துப் படித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். பர்மியத்தில் எழுதியிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் இதில் வரும் திட்டும் சிரிப்பும் தமிழில்தான் நடந்தன. நம்மில் இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்துவிட்டது. எனக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. தலை நரைக்கும்வரை காத்திருந்து சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

தன்லியினில் ஒரு தொழிற்சாலையின் மின்பலகைகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. எங்கே படித்தீர்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் கல்லூரியின் பெயரைச் சொல்வேன். அது பாதி பதில். மீதிப் பாதி, நாம் வளர்ந்த ஷ்வேப்யிதாவில் எங்கள் வரிசைக்கு மின்கம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற மூங்கில் கம்பங்களுக்கு அடியில் நடந்தது.

எங்கள் வரிசையில் நான்கு வீடுகள். நான்குக்கும் ஒரே மீட்டர். அது பெரிய ரோட்டுக் கம்பத்தில், ஒரு மாமாவின் பெயரில் இருந்தது. அதனால் அவர் எல்லோருக்கும் மீட்டர் மாமா. ரோட்டிலிருந்து சாக்கடையைத் தாண்டி, கீரைப் பாத்திகளைத் தாண்டி, மூங்கில் மேல் மூங்கிலாக ஒரு மெல்லிய இரட்டைக் கம்பி வந்து அவர் வீட்டுச் சுவரில் ஒரு பலகையில் முடியும். அங்கிருந்து நான்கு வீட்டுக்கும் பிரியும். கடைசி வீடு எங்களுடையது. அம்மா மாவு அரைத்து விற்பவர். அக்கா தையல் தொழிற்சாலையில். அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவர் எவருமில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலைக் கடந்து சந்தைக்குப் போனவர், அவ்வளவுதான். அக்கா நாலாம் வகுப்போடு நின்றாள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான்.

நாம் எப்படிப் படித்தோம் என்று நினைவிருக்கிறதா? கத்தி. ஸயாமா, அதாவது டீச்சரம்மா, ஒரு வரி சொல்வார். அறுபது பேர் அதைத் திருப்பிக் கத்துவோம். சாயங்காலம் வீட்டிலும் அதே கத்தல். பிள்ளை படிக்கிறாள் என்பது நான்கு வீட்டுக்கும் கேட்க வேண்டும். "வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்! வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் பவர்!" மந்திரம்போல நூறு தடவை சொல்லியிருப்பேன். ரெசிஸ்டன்ஸ் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. அது பரீட்சைத் தாளில் மட்டும் வாழும் ஒரு பிராணி என்றே நினைத்திருந்தேன்.

படித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் வரும். "மீ லாபீ!" என்று, விளக்கு வந்துவிட்டது என்று, தெருப் பிள்ளைகள் கூவுவார்கள். அடுத்த நிமிடம் நான்கு வீட்டிலும் எல்லாமே ஓடத் தொடங்கும். சோற்றுக் குக்கர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, எங்கள் மாவு இயந்திரம். எப்போது போகுமோ என்ற பயத்தில் ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள். பல்பு மாம்பழ நிறத்தில் சோம்பலாக எரியும். அப்போது ஒவ்வொரு வீட்டிலும் டக், டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பூஸ்டர் பெட்டியின் குமிழைத் திருகுகிற சத்தம்.

அந்தப் பெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். சாம்பல் நிறத் தகரம், முன்னால் நடுங்கும் முள், உள்ளே தேனீக் கூட்டம் மாதிரி ஓர் உறுமல். வோல்டேஜ் குறைந்தால் குமிழைத் திருகி ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஒரு படி ஏற்றினால் பக்கத்து வீட்டு ஃபேன் தளரும், அவர்கள் ஒரு படி ஏற்றுவார்கள். அடுத்து மூன்றாம் வீடு. கடைசியில் நான்கு பெட்டியும் உச்சியில் நிற்கும், ஆனால் ஒரு வீட்டிலும் சோறு வேகாது. எங்கள் மாவு இயந்திரம் சுற்ற முடியாமல் முனகும். சூடான வார்னிஷ் வாசனை வரும். அம்மா ஓடிப்போய்க் கல்லைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளி ஓட விடுவார்.

அந்த வருடம் மழை நின்றபோது மீட்டர் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, நேராச் சொல்லிடுறேன். ஒன் மெசின்தான் கரண்ட எல்லாம் இழுக்குது. கடைசி வீட்டுல இருந்துக்கிட்டு முன்னாடி மூணு வீட்டையும் உறிஞ்சுறே. தடின்ஜுட்டுக்கு லைட்டுப் போடணும். அதுக்குள்ள ஒங்க லைன வெட்டப் போறேன்."

தடின்ஜுட் என்பது விளக்குத் திருவிழா. இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வெட்டிட்டா நான் மாவுக்கு எங்கண்ணே போவேன்?" என்றார் அம்மா.

"எனக்கு மட்டும் ஆசையா? மூணு வீடும் சொல்லுது."

அவர் போனதும் அம்மா மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தார். அக்காதான் பேசினாள். "மெசின் நின்னா இவளையும் பெர்ரியில ஏத்த வேண்டியதுதான்." பெர்ரி என்று நாம் சொல்வது தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை. சொல்லிவிட்டு அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை. என் பள்ளிக்கூடம் அந்த மாவு இயந்திரத்தின் கல்லோடு சேர்ந்துதான் சுற்றிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் நான் கத்திப் படிக்கவில்லை. அந்த இரண்டு வரியையும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். இழுக்குது, உறிஞ்சுது என்கிறார்களே, எவ்வளவு என்று யாராவது அளந்தார்களா?

அக்காவிடம் சொன்னேன். அவள் எரிந்து விழுந்தாள். "அளக்குறதுக்கு என்னத்த வச்சிருக்கே? அடிக்குச்சியா?" ஆனால் சனிக்கிழமை பெர்ரியிலிருந்து இறங்கும்போது அவள் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு கிளிப் மீட்டர் இருந்தது. தொழிற்சாலை மெக்கானிக்கிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் நிறம், கிளி மூக்குபோல வாய் திறக்கும். அந்த வாய்க்குள் கம்பியை விட்டால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும். இரண்டு ஊசிகளை வைத்தால் வோல்டேஜ் காட்டும்.

"ஒடைஞ்சா என் வேல போச்சு. ஞாபகம் வச்சிக்கோ," என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் மின்சாரம் வந்ததும் நான்கு வீட்டையும் வழக்கம்போல் எல்லாவற்றையும் போடச் சொன்னேன். வேடிக்கை பார்க்க எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மீட்டர் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்றிலை மென்றபடி நின்றார். அவர் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் வீட்டில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் பர்மியக்கார அம்மா கரண்டியோடு வந்தார். அக்கா ஏணியைப் பிடிக்க, ரப்பர் செருப்போடு நான் ஏறினேன். இன்றைக்கு என் ஆட்கள் யாராவது அப்படி ஏறினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன்.

மீட்டர் பெட்டியில் ஊசிகளை வைத்தேன். இருநூற்று எட்டு வோல்ட். பிறகு கம்பியைக் கிளிப்பின் வாய்க்குள் விட்டேன்.

பூஜ்யம்.

எடுத்து மறுபடி போட்டேன். பூஜ்யம்தான்.

"என்னம்மா சொல்லுது?" என்று கீழேயிருந்து மாமா.

"பூஜ்யம்..."

"ஹொத்லா?" அப்படியா என்பதற்கு அவர் எப்போதும் சொல்லும் பர்மியச் சொல். "நாலு வீட்டுலயும் சோறு வேகுது, கரண்டே ஓடலியாம்! ஒம்போதாங் கிளாஸு சொல்லுது, கேட்டுக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மொஹிங்கா அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார்.  அம்மா கூட்டத்தின் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தது மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது.

அக்கா கீழேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அடியே, ரெண்டு கம்பியையும் சேத்தா மாட்டியிருக்கே? ஒத்தக் கம்பின்னுல்ல அந்த மெக்கானிக்கு சொன்னாரு! நான் ஒனக்குச் சொன்னேனா இல்லியா?"

சொல்லியிருந்தாள். ஒரு கம்பியில் போகிற அதே கரண்ட்தான் மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று அடித்துப் பூஜ்யமாகத்தான் தெரியும். கம்பிகளைப் பிரித்து ஒன்றை மட்டும் விட்டேன். பதினெட்டு ஆம்பியர்.

ஏணியிலேயே கையில் பேனாவால் கணக்குப் போட்டேன். இருநூற்று எட்டைப் பதினெட்டால் வகுத்தால் பதினொன்றரை. ரெசிஸ்டன்ஸ் பதினொன்றரை ஓம். சரி, ஆனால் எதனுடைய ரெசிஸ்டன்ஸ்? நான்கு வீடு, கம்பி, குக்கர், ஃபேன் எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை அது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. எந்த வோல்டேஜை வகுக்க வேண்டும் என்று ஸயாமா சொல்லிக் கொடுத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை, கத்திக்கொண்டிருந்தோம்.

இறங்கி மாமா வீட்டுச் சுவர்ப் பலகைக்கு ஓடினேன். கூட்டமும் பின்னால் ஓடிவந்தது. பலகைக்குள் வரும் இடத்தில் ஊசிகளை வைத்தேன். நூற்று ஐம்பத்து நான்கு.

ரோட்டில் இருநூற்று எட்டு. இங்கே நூற்று ஐம்பத்து நான்கு. இன்னும் ஒரு வீட்டுக்குள்ளும் மின்சாரம் நுழையவில்லை. அதற்குள் ஐம்பத்து நான்கு வோல்ட் காணவில்லை!

"எங்க போச்சு? ஒங்க வீட்டுக்குத்தான் போச்சு," என்றார் மாமா.

"எங்க வீட்ட அணைச்சுப் பாக்கலாம் மாமா."

அம்மா ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்தார். கரண்ட் பதினான்குக்கு இறங்கியது. பலகையில் வோல்டேஜ் நூற்று அறுபத்தாறு.

"பாத்தியா! பன்னெண்டு ஏறிடுச்சு! நான் சொன்னனா இல்லியா?"

"இப்ப எங்க வீட்டப் போட்டுட்டு ஒங்க வீட்ட அணைங்க மாமா."

அவருக்கு இஷ்டமில்லை. மாமிதான் எழுந்து போய் அணைத்தார். கரண்ட் பன்னிரண்டு. வோல்டேஜ் நூற்று எழுபத்திரண்டு. எங்கள் வீட்டை அணைத்தால் பன்னிரண்டு ஏறுகிறது, அவர் வீட்டை அணைத்தால் பதினெட்டு. மொஹிங்கா அம்மா இந்தத் தடவை எண்ணைப் பார்த்துவிட்டே சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாமாவின் குளிர்ப்பெட்டியில் மாமியின் இன்சுலின் மருந்து இருந்தது என்பதும், அது கெட்டுவிடக் கூடாதென்றுதான் அவர் பூஸ்டரை உச்சியில் வைத்திருந்தார் என்பதும் இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அவர் அதைச் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

"மாமா, திருடன் நம்ம நாலு வீடும் இல்ல," என்றேன். "கம்பி." நோட்டைத் திறந்து எல்லோரும் பார்க்க எழுதினேன். கம்பியில் தொலைந்தது ஐம்பத்து நான்கு வோல்ட். அதைப் பதினெட்டால் வகுத்தால் மூன்று ஓம். அதுதான் கம்பியின் ரெசிஸ்டன்ஸ். அதே ஐம்பத்து நான்கைப் பதினெட்டால் பெருக்கினால் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு வாட். "ஒரு இஸ்திரிப் பெட்டி ஆயிரம் வாட். நம்ம வரிசையில அஞ்சாவதா ஒரு வீடு இருக்கு. அதுல ஆளே இல்ல. ஆனா மின்சாரம் வந்ததுலேந்து போறவரைக்கும் அங்க ஒரு இஸ்திரிப் பெட்டி சும்மா சுட்டுக்கிட்டே கெடக்கு."

மாமி அண்ணாந்து, கம்பி பலகைக்கு வருமுன் ஒட்டுப்போட்டிருந்த ஓர் இடத்தைக் காட்டினார். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் மெழுகுபோல் உருகித் தொங்கியது. பின்னாலிருந்த மூங்கில் தோசைக் கருகல் நிறத்தில் இருந்தது. "என்னங்க, இது எப்போலேந்து இப்பிடி இருக்கு?"

"மெல்லிசுக் கம்பின்னு பாத்துத்தானே போட்டேன்," என்றார் மாமா. குரல் தணிந்திருந்தது. "மெல்லிசாப் போட்டா மெல்லிசா ஓடும், மீட்டர் கம்மியாச் சுத்தும்னு..."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். தண்ணீர்க் குழாயை வைத்து மின்சாரத்தை யோசித்தார்கள். அதற்கு மேல் பூஸ்டர் வேறு. குமிழைத் திருகினால் பெட்டி எங்கிருந்தோ வோல்டேஜைக் கொண்டுவரும் என்று எண்ணம். அது கம்பியிலிருந்து இன்னும் அதிகக் கரண்டை இழுத்துத்தான் ஏற்றும். கரண்ட் ஏற ஏறக் கம்பியில் தொலைவதும் ஏறும். எங்கள் வீட்டுப் பெட்டியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதையும் சொன்னேன். அம்மா என்னை முறைத்தார்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரி. பள்ளிக்கூடக் கணக்கு வேற, கரண்டு வேற. கனமான கம்பி ஒரு சுருள் தன்லியின்ல எந் தம்பிகிட்ட இருக்கு. இதப் போல நாலு மடங்கு கனம். மூங்கில மாத்திட்டு அதப் போடுறேன். போட்டா இந்தப் பலகையில என்ன காட்டும்? இப்பவே எழுதிக் குடு. தப்பா இருந்துச்சுன்னா ஒங்க லைன நான் வெட்டுவேன், அப்புறம் ஒங்கம்மா வந்து அழக் கூடாது."

அக்கா என் கையைக் கிள்ளினாள், எழுதாதே என்று. எழுதினேன். கனம் நான்கு மடங்கென்றால் ரெசிஸ்டன்ஸ் நான்கில் ஒரு பங்கு. முக்கால் ஓம். பதினெட்டு ஆம்பியருக்குத் தொலைவது பதின்மூன்றரை வோல்ட். இருநூற்று எட்டில் அது போனால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மாமா அதைத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நான்கு வீட்டு ஆண்களும் பெண்களுமாகக் கட்டை நட்டு, அந்தப் பருத்த கம்பியை இழுத்துக் கட்டப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அம்மா என் சீருடையைத் தோய்த்து, மடித்து, மறுபடி எடுத்துத் தோய்த்துக்கொண்டிருந்தார். அக்கா தொழிற்சாலையில் எனக்கு வேலை கேட்டு வைத்திருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. கிளிப் மீட்டர் மறுபடி தூக்கில் வந்தது. மீ லாபீ! எல்லாவற்றையும் போட்டார்கள். பூஸ்டரை மட்டும் நான் சொன்னதால் யாரும் ஏற்றவில்லை. ரோட்டில் அதே இருநூற்று எட்டு. பலகைக்கு வந்தோம். ஊசிகளை நான் வைத்தேன், ஆனால் எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"நீ படிக்காத. ஒன் வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன்," என்றார் மாமா. "மூத்தவ படிக்கட்டும்."

அக்கா மீட்டரைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். நாலாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல ஒவ்வோர் எண்ணாக, உரக்க, வாசித்தாள்.

"ஒண்ணு... ஒம்போது... மூணு."

மாமா சட்டைப் பையைத் திறந்து தாளை எடுத்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு. தாளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். பல்பு வெள்ளையாக எரிந்தது. பின்னால் எங்கள் வீட்டில் மாவு இயந்திரம் ஒருவரும் தள்ளாமல் சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. 

"ஒண்ணு கொறையுதே," என்றார் மாமா.

"அண்ணே..." என்றார் அம்மா.

"நீ இரு தங்கச்சி. ஒண்ணு எங்க போச்சுன்னு படிக்கிற புள்ள சொல்லட்டும்."

எனக்கும் தெரியவில்லை. கம்பியா, ஒட்டா, கணக்கா? கிளிப்பை ஒற்றைக் கம்பியில் மாட்டினேன். அக்காவிடம் நீட்டினேன். "ரெண்டு, பூஜ்யம்," என்று வாசித்தாள். இருபது ஆம்பியர். பதினெட்டு இல்லை! அப்போது மாமியின் சமையலறையிலிருந்து குக்கர் மூடி தடதடவென்று ஆடும் சத்தம் வந்தது. நான்கு வீட்டிலும் அதே சத்தம்.

"சோறு வேகுது மாமா!" என்று கத்தினேன், பாடம் கத்துகிற அதே குரலில். "வோல்டேஜ் ஏறினதும் குக்கர் எல்லாம் முன்னவிட அதிகமா இழுக்குது. நான் பழைய பதினெட்டையே வச்சுக் கணக்குப் போட்டுட்டேன். இருபத முக்காலால பெருக்கினா பதினஞ்சு. இருநூத்தி எட்டுல பதினஞ்சு போனா நூத்தித் தொண்ணூத்தி மூணு. அந்த ஒரு வோல்ட்ல சோறு வேகுது!"

மாமா கொஞ்ச நேரம் குக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "ஹொத்லா," என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. தாளை மடித்து மறுபடி பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திருவிழாவுக்கு எங்கள் வீட்டு வாசலில் முதல் சரவிளக்கை அவர்தான் வந்து கட்டினார். அந்தத் தாளை எனக்குத் திருப்பித் தரவேயில்லை. அந்த நாட்களின் எவ்வளவோ பொருட்களைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், அது மட்டும் என்னிடம் இல்லை.

அளந்த மறுநாள், திங்கள் காலை, பெர்ரி வந்தது. அக்கா மீட்டரைத் தூக்கில் வைத்துக்கொண்டு ஏறினாள். நான் சீருடையில், வாசலில் நின்றேன். உள்ளே இருந்த ஒரு பெண் கேட்டாள், "ஒன் தங்கச்சியும் வருதுன்னு சொன்னியே, எங்க?"

பஸ் கிளம்பிவிட்டது. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தெரு முழுதும் கேட்கப் பதில் சொன்னாள்.

"அவ வர மாட்டா. ஒரு வோல்ட் கொறைஞ்சா எங்க போச்சுன்னு சொல்றவ அவ. அவளுக்கு இங்க எடமில்ல!"